பிள்ளைகளின் கைத்தொலைபேசியும் மனநலமும்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

காய்ச்சல் என்றால் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். வயிற்றுக்குத்து என்றால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறோம். ஆனால் ஒரு பிள்ளையின் மனம் நொந்து போயிருப்பதைக் கண்டுகொள்ள அத்தகைய எளிய வழி எம்மிடம் இல்லை. அந்த நோவுக்கான காரணம் கைத்தொலைபேசிக்குள் இருக்குமானால், ஒரே மேசையில் இருந்து சாப்பிடும் பெற்றோருக்குக்கூட அது தெரியாமல் போய்விடுகிறது.

இணையத்தால் எமது பிள்ளைகளுக்கு நன்மைகளும் பல உண்டு. பாடம் படிக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடும் இலண்டனில் இருக்கும் மச்சான் மச்சாளோடும் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள். ஆகவே கைத்தொலைபேசியைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டி வையுங்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. அதன் வழியாக வரக்கூடிய ஆபத்துகள் எவை, அவை பிள்ளைகளின் மனத்தை எப்படிப் பாதிக்கின்றன, ஆபத்து வந்துவிட்டால் பெற்றோர் செய்ய வேண்டியவை எவை என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கனடாவை உலுக்கிய ஒரு மரணம்

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் போர்ட் கொக்விற்லம் நகரைச் சேர்ந்தவர் அமண்டா ரொட். ஏழாம் வகுப்பில் படிக்கும்போது கணனிக் கமரா மூலம் முன்பின் தெரியாதவர்களுடன் கதைத்துப் பழகினார். அழகாய் இருக்கிறாய் என்று புகழ்ந்த ஒருவரின் தூண்டுதலால், ஒரு கணம் தன் மார்பைக் காட்டினார். அந்தக் கணத்தைப் படமாக்கி வைத்திருந்த ஒருவர், பின்னர் அதைக் காட்டி மிரட்டத் தொடங்கினார். கேட்டதைச் செய்ய மறுத்தபோது படம் அவரது நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அனுப்பப்பட்டது. பாடசாலையில் கேலியும் ஒதுக்கலும் தொடர்ந்தன. பாடசாலை மாறினார், அங்கும் படம் பின்தொடர்ந்து வந்தது.

2012 செப்ரெம்பரில், தான் பட்ட துன்பத்தைக் கையால் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி ஒரு காணொளியை யூரியூப்பில் வெளியிட்டார். 2012 ஒக்ரோபர் 10ஆம் திகதி அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 15.

மிரட்டிய ஆள் அயலவர் அல்லர், கனடாவிலேயே இருந்தவரும் அல்லர். நெதர்லாந்தில் இருந்துகொண்டு பல போலிக் கணக்குகள் மூலம் இதைச் செய்த ஐடின் கோபான் என்பவர் 2020இல் கனடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 ஓகஸ்ற்றில் குற்றவாளியாகக் காணப்பட்டார். அதே ஆண்டு ஒக்ரோபரில் 13 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் நெதர்லாந்து நீதிமன்றம் தன் நாட்டுச் சட்டத்துக்கு ஏற்ப அதை 6 ஆண்டுகளாக மாற்றியது. பிள்ளை இறந்து தீர்ப்பு வருவதற்குப் பத்து ஆண்டுகள் சென்றன.

அமண்டாவின் மரணமும், 2013 ஏப்ரலில் நோவா ஸ்கோசியாவில் நிகழ்ந்த 17 வயது ரெற்றேயா பார்சன்ஸ் என்ற பெண்ணின் மரணமும் நாடு முழுவதிலும் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தின. அதன் விளைவாக, ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவரது சம்மதமின்றிப் பரப்புவது கனடாவின் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. அச்சட்டம் 2015 மார்ச் 10 முதல் நடைமுறையில் உள்ளது. படத்தை முதலில் பரப்பியவருக்கு மட்டுமன்றி, பகிடியாக அடுத்தவருக்கு அனுப்பும் மாணவருக்கும் இச்சட்டம் பொருந்தும் என்பதை எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இன்றைய மிரட்டல் எப்படி நடக்கிறது?

அமண்டாவின் காலத்தில் மிரட்டல் மாதக்கணக்கில் நடந்தது. இன்று அது சில மணித்தியாலங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. பெண்பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து என்று எம்மவர் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் பெரும்பாலும் குறிவைப்பது பதின்ம வயது ஆண்பிள்ளைகளையே. 2023 ஒக்ரோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இத்தகைய மிரட்டலுக்கு ஆளாகி உயிரை மாய்த்துக்கொண்டதைப் பொலிசார் பகிரங்கமாக அறிவித்து, பெற்றோரை எச்சரித்தனர்.

நடைமுறை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

1. இன்ஸ்ரகிராமில் ஓர் அழகான பெண்ணின் படத்துடன் ஒரு கணக்கு பையனுக்கு நட்பு அழைப்பு அனுப்பும். அவனது பாடசாலை நண்பர்கள் சிலர் ஏற்கெனவே அந்தக் கணக்கின் நண்பர்களாக இருப்பார்கள். ஆகவே சந்தேகம் வராது.

2. சிறிது நேரம் கதைத்த பின், ஸ்னப்சற்றுக்கு வா என்று அழைக்கும். அங்கு அனுப்பும் படங்கள் தானாக மறைந்துவிடும் என்ற நம்பிக்கை பிள்ளைகளிடம் உண்டு. மறுமுனையில் இருப்பவர் அதைப் படம்பிடித்து வைக்க முடியும் என்பதை அவர்கள் அந்நேரம் யோசிப்பதில்லை.

3. முதலில் அந்தப் பக்கத்திலிருந்தே ஓர் அந்தரங்கப் படம் வரும். உன்னுடையதையும் அனுப்பு என்று கேட்கும்.

4. பையன் அனுப்பிய அடுத்த நிமிடமே குரல் மாறும். அவனது நண்பர் பட்டியலைப் படம்பிடித்துக் காட்டி, பணம் தராவிட்டால் இத்தனை பேருக்கும் இதை அனுப்புவேன் என்று மிரட்டும். பரிசு அட்டை இலக்கம், வங்கி மூலமான பணமாற்றம், மறைநாணயம் என்று ஏதாவது ஒரு வழியில் பணம் கேட்கும்.

5. கொடுத்தால் இன்னும் கேட்கும். இவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல் என்று நிமிடத்தை எண்ணிக் காட்டும்.

இதன் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாடுகளில் இருந்து இயங்கும் ஒழுங்கமைக்கப்பட்ட கும்பல்கள். 2024 யூலையில் இன்ஸ்ரகிராமை நடத்தும் மெற்றா நிறுவனம், இத்தகைய மிரட்டலில் ஈடுபட்ட சுமார் 63,000 கணக்குகளை நைஜீரியாவில் மட்டும் நீக்கியதாக அறிவித்தது.

பிள்ளை எந்தப் படத்தையும் அனுப்பாவிட்டாலும் இன்று ஆபத்து இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், சாதாரண உடையில் நிற்கும் ஒரு படத்தை எடுத்து ஆடையில்லாத படமாக மாற்றிவிடுகின்றன. வகுப்பு மாணவர்களே வேடிக்கைக்காக இதைச் செய்வதும் உண்டு. 18 வயதுக்குட்பட்டவரின் இத்தகைய படம் போலியாக உருவாக்கப்பட்டதாயினும் அது பாரதூரமான குற்றமே. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, றோபுளொக்ஸ் போன்ற விளையாட்டுகளில் அறிமுகமாகி, டிஸ்கோட்டுக்கு வா என்று அழைப்பவர்களையிட்டுக் கவனமாக இருங்கள்.

மிரட்டுபவர் எதை நம்பியிருக்கிறார்?

மிரட்டுபவரிடம் உண்மையில் இருப்பது ஒரு படம் மட்டுமே. பிள்ளையை ஆட்டிப் படைப்பது அந்தப் படத்தைக் காட்டிலும், அது வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்ற பயமே. அப்பா அடிப்பார், அம்மா அழுவா, சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரிந்துவிடும், கோயிலுக்குப் போக முடியாது என்று பிள்ளை நினைக்கிறது. அந்தப் பயம் இருக்கும் வரைதான் மிரட்டுபவருக்குப் பலம். பிள்ளை வாய் திறந்து ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டால் அந்தப் பலத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இந்த இடத்தில் எமது சமூகத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எம்மில் பலர் போர்க்காலத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதன் மூலமே உயிர் தப்பியவர்கள். சோதனைச் சாவடியில் ஒன்றும் சொல்லாதே, பக்கத்து வீட்டில் ஒன்றும் கதைக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். அன்று அது பிள்ளைகளைக் காப்பாற்றியது. அகதியாக வந்து ரொறன்ரோவில் அடிநிலைத் தொழிற்சாலையிலிருந்து வாழ்க்கையைத் தொடங்கியபோதும், கஷ்டத்தை வெளியே சொல்லாமல் இருப்பதே மானம் என்று பழகிக்கொண்டோம். அந்தப் பழக்கத்தை இங்கு பிறந்த பிள்ளைகளும் எம்மிடமிருந்து கற்றுக்கொண்டுவிட்டார்கள். மிரட்டல் வரும்போது அவர்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

மருத்துவர் மோற்றன் பைசர் தலைமையிலான குழுவினர் ரொறன்ரோத் தமிழ் வளர்ந்தோரிடையே செய்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 12 வீதத்தினரிடம் போர் போன்ற பேரதிர்ச்சிகளின் பின்னான மனவடு நோய் காணப்பட்டது. அவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் மிகச் சிலரே. எமது மனநோவுகளை நாமே மறைத்து வாழும்போது, பிள்ளை தன் நோவை எம்மிடம் சொல்லும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

ஆகவே மிரட்டல் எதுவும் வருவதற்கு முன்பே, காரில் போகும்போதோ சாப்பிடும்போதோ, சாதாரணமாக ஒரு தடவை சொல்லி வையுங்கள்: "தம்பி, இப்பிடி ஆக்கள் படத்தை வாங்கிப்போட்டுக் காசு கேட்டு வெருட்டினமாம். உனக்கோ உன்ர சிநேகிதனுக்கோ அப்பிடி வந்தா உடனை எங்களிட்டைச் சொல்லு. நாங்கள் ஏச மாட்டம்." மூன்று வசனங்கள் போதும். சொன்னபடி ஏசாமல் இருப்பதுதான் முக்கியம்.

மிரட்டல் வந்துவிட்டால் செய்ய வேண்டியவை

1. பணம் கொடுக்க வேண்டாம். இன்னொரு படமும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தாலும் அத்துடன் நிறுத்துங்கள்.

2. மிரட்டுபவருடனான தொடர்பை உடனே துண்டியுங்கள். கெஞ்சவோ பேரம் பேசவோ வேண்டாம். அப்பா தொலைபேசியை வாங்கி மிரட்டுபவரை ஏசுவதாலும் பயனில்லை.

3. தகவல்களை அழிக்க வேண்டாம். வெட்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடவே பிள்ளை விரும்பும். கணக்கின் பெயர், மிரட்டல் செய்திகள், பணம் கேட்ட விபரங்கள் ஆகியவற்றைத் திரைப்படமாக எடுத்து வையுங்கள். பிள்ளையின் கணக்கை நிரந்தரமாக நீக்காமல் தற்காலிகமாக முடக்கி வைப்பதே நல்லது. அந்தரங்கப் படத்தை நீங்கள் பிரதி எடுக்கவோ எவருக்கும் அனுப்பவோ கூடாது.

4. முறைப்பாடு செய்யுங்கள். வினிபெக்கில் இயங்கும் கனடியச் சிறுவர் பாதுகாப்பு நிலையம் நடத்தும் சைபர்ரிப் என்ற இணைய சேவையில் முறைப்பாடு செய்யலாம். அதே நிலையத்தின் நீட்-ஹெல்ப்-நவ் என்ற சேவை, படத்தை நீக்குவிப்பதற்கான வழிகளைச் சொல்லித்தரும். உங்கள் பகுதிப் பொலிசாருக்கும் அறிவியுங்கள். ரொறன்ரோ, பீல், யோர்க், டுர்ஹம் ஆகிய ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பொலிஸ் சேவை உண்டு.

5. படம் பரவாமல் தடுக்க முயலுங்கள். அமெரிக்காவில் காணாமற்போன மற்றும் துன்புறுத்தப்படும் சிறுவர்களுக்கான தேசிய நிலையம் 2023 முதல் நடத்தும் ரேக்-இற்-டவுண் என்ற இலவச சேவையைக் கனடாவிலிருந்தும் பயன்படுத்தலாம். படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து ஒரு விரலடையாளம் போன்ற இலக்கம் உங்கள் தொலைபேசியிலேயே உருவாக்கப்பட்டு, அந்த இலக்கம் மட்டும் இச்சேவையில் பங்குபற்றும் நிறுவனங்களுக்குக் கொடுக்கப்படும். அவை தமது தளங்களில் அப்படத்தைக் கண்டால் நீக்கிவிடும்.

6. அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மிரட்டல் வந்த முதல் சில மணித்தியாலங்களும் முதல் சில நாட்களும் மிக ஆபத்தானவை. அம்மாவோ அப்பாவோ அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை சொன்னவுடன் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை மிக முக்கியமானது. "நீ ஏன் இப்பிடிச் செய்தனி?" என்ற கேள்வி அன்றைக்கு வேண்டாம். "நீ சொன்னது நல்லது. பயப்பிடாதை. பிழை செய்தது அவன். இதை நாங்கள் சேர்ந்து பாப்பம்" என்று சொல்லுங்கள். பாதுகாப்புப் பற்றிய புத்திமதிகளை இரண்டு கிழமைகளின் பின் சொல்லலாம்.

மனச்சோர்வை எப்படி அறிவது?

மிரட்டல் இல்லாமலும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதகளிப்பும் வரலாம். சமூக ஊடகமே இதற்குக் காரணம் என்று முற்றாகச் சொல்லிவிட முடியாது. பரம்பரை, பரீட்சை அழுத்தம், வீட்டுச் சண்டை, தனிமை, நிறவெறிச் சொற்கள் எனப் பல காரணங்கள் சேர்ந்தே மனத்தைப் பாதிக்கின்றன. ஆயினும் 2023இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிவுறுத்தலில், நாளொன்றுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் செலவிடும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதகளிப்பு அறிகுறிகள் ஏற்படும் வாய்ப்பு இருமடங்கு என்று ஆய்வுகளைச் சுட்டிக் கூறப்பட்டுள்ளது. 2024 மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை உட்பட ஒன்ராறியோவின் நான்கு பாடசாலைச் சபைகள், மாணவரின் கல்விக்கும் மனநலத்துக்கும் தீங்கு விளைவிப்பதாகக் கூறி இன்ஸ்ரகிராம், ஸ்னப்சற், ரிக்ரொக் ஆகியவற்றை நடத்தும் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. அவுஸ்திரேலியாவில் 2025 டிசெம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது.

பின்வரும் மாற்றங்கள் இரண்டு கிழமைகளுக்கு மேல் நீடித்தால் கவனியுங்கள்:

- முன்பு விரும்பிச் செய்த விளையாட்டு, நடனம், மிருதங்கம் போன்றவற்றில் நாட்டமின்மை
- நித்திரையின்மை அல்லது எந்நேரமும் நித்திரை
- சாப்பாட்டில் மாற்றம், எடை குறைதல் அல்லது கூடுதல்
- காரணமற்ற எரிச்சல், கோபம் (பதின்ம வயதினரில் கவலையைவிட எரிச்சலே கூடுதலாக வெளியில் தெரியும்)
- நண்பர்களையும் குடும்பத்தையும் விட்டு ஒதுங்குதல்
- புள்ளிகள் திடீரென இறங்குதல், பாடசாலைக்குப் போக மறுத்தல்
- அடிக்கடி தலையிடி, வயிற்றுநோ என்று முறையிடுதல்
- வெயில் காலத்திலும் கையை மூடிய சட்டை அணிந்து உடற்காயங்களை மறைத்தல்
- தொலைபேசி ஒலித்தவுடன் பதறுதல், திடீரெனப் பணம் தேவைப்படுதல்

இவற்றில் தலையிடியும் வயிற்றுநோவும் எம்மவரிடம் மிக முக்கியமானவை. மனம் நோகிறது என்று சொல்ல எமது பிள்ளைகளுக்குத் தமிழில் சொல் தெரியாது, பெற்றோருக்கு அதை ஆங்கிலத்தில் விளங்கிக்கொள்ளச் சிரமம். ஆகவே வயிறு நோகிறது என்று சொல்லி எம்மிடம் வருகிறார்கள். பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்த பின்பும் நோ தொடர்ந்தால், மனத்தைப் பற்றியும் கேட்க வேண்டும்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலரிடம் உண்டு. அது சரியன்று என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நேரடியாகக் கேட்பது பிள்ளைக்கு ஆறுதலையே தரும். "உனக்குச் சாக வேணும் போலை யோசினை வந்ததோ?" என்று அமைதியாகக் கேளுங்கள். ஆம் என்றால் திட்டாதீர்கள், அழுது பிள்ளையைக் குற்ற உணர்வுக்குள் தள்ளாதீர்கள். பிள்ளையோடு இருந்துகொண்டு உதவியை நாடுங்கள்.

வீட்டிலுள்ள மருந்துகளைப் பூட்டி வையுங்கள். தைலனோல் போத்தலும் அப்பம்மாவின் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளும் இதில் அடங்கும். இதன் பயனை எமது தாயகத்தின் அனுபவமே காட்டுகிறது. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 அளவில் இருந்தது. அது உலகிலேயே மிகக் கூடிய வீதங்களில் ஒன்று. கொடிய நஞ்சுள்ள பூச்சிகொல்லி மருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அவ்வீதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. மனம் உடையும் அந்தச் சில நிமிடங்களில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் பலர் தப்பிப் பிழைக்கிறார்கள். அப்படித் தப்பியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை.

வீட்டில் கடைப்பிடிக்கக்கூடிய நடைமுறைகள்

நித்திரையிலிருந்து தொடங்குங்கள். கனடாவின் வழிகாட்டலின்படி 5 முதல் 13 வயது வரையானவர்களுக்கு 9 முதல் 11 மணித்தியாலமும், 14 முதல் 17 வயது வரையானவர்களுக்கு 8 முதல் 10 மணித்தியாலமும் நித்திரை வேண்டும். பொழுதுபோக்குக்கான திரை நேரம் நாளுக்கு 2 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும், உடல் வியர்க்கும் விளையாட்டு 60 நிமிடத்துக்குக் குறையாமலும் இருப்பது நல்லது. படிப்பு, ரியூசன், நடன வகுப்பு என்று ஓடித் திரியும் எமது பிள்ளைகளுக்கு முதலில் குறைவது நித்திரைதான்.

இரவில் எல்லோரது தொலைபேசிகளையும் குசினியில் ஓரிடத்தில் மின்னேற்றுக்குப் போடுங்கள். எல்லோரும் என்பதில் பெற்றோரும் அடக்கம். இரவு ஒரு மணி வரை தொலைபேசியில் நாடகம் பார்க்கும் அப்பா, மகனின் தொலைபேசியை வாங்கி வைத்தால் அந்த விதி நிலைக்காது. எழுப்புவதற்குத் தொலைபேசி வேண்டும் என்றால் ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள்.

கணக்குகளின் அமைப்பைப் பிள்ளையோடு சேர்ந்திருந்து பாருங்கள். இன்ஸ்ரகிராம் 2024 செப்ரெம்பர் முதல் பதின்ம வயதினருக்கெனத் தனிவகைக் கணக்கைக் கனடாவிலும் அறிமுகப்படுத்தியுள்ளது. அதில் தெரியாதவர்கள் செய்தி அனுப்புவது கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். 16 வயதுக்குட்பட்டோர் அதைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். பிள்ளை பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்திருந்தால் இப்பாதுகாப்பு வேலை செய்யாது. ஆகவே முதலில் அதைப் பாருங்கள். நண்பர் பட்டியலை வெளியார் பார்க்க முடியாதபடி கணக்கைத் தனிப்பட்டதாக்கி வையுங்கள். மிரட்டுபவர்கள் தேடுவது அந்தப் பட்டியலைத்தான்.

பாடசாலையிலும் விதிகள் மாறிவிட்டன. ஒன்ராறியோவில் 2024 செப்ரெம்பர் முதல் ஆறாம் வகுப்பு வரையான மாணவர்கள் நாள் முழுவதும் தொலைபேசியைக் கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பு முதல் வகுப்பு நேரத்தில் பயன்படுத்த முடியாது. பாடசாலை நேரத்தில் பிள்ளைக்குச் செய்தி அனுப்பிப் பதில் எதிர்பார்க்கும் பெற்றோர் இதைக் கருத்திற் கொள்ளுங்கள்.

நாமே பதிவேற்றும் படங்கள்

பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் பெற்றோர் தம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பூப்புனித நீராட்டு விழாக் காணொளிகள் பெண்பிள்ளையின் பெயர், முகம், வயது எல்லாவற்றுடனும் யூரியூப்பில் எல்லோரும் பார்க்கக்கூடியதாகக் கிடக்கின்றன. சிலவேளை படப்பிடிப்பாளரே தன் விளம்பரத்துக்காகப் போட்டுவிடுகிறார். வகுப்பு நண்பர்கள் அதைத் தேடி எடுத்துக் கேலி செய்யும்போது அந்தப் பிள்ளை படும் பாட்டை எம்மிடம் வரும் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். விழா வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் விருப்பம். காணொளியை வெளியிடுவதற்கு முன் பிள்ளையின் சம்மதத்தைக் கேளுங்கள், படப்பிடிப்பாளருடன் செய்யும் ஒப்பந்தத்திலும் அதைத் தெளிவாக எழுதுவியுங்கள். வட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் புள்ளிகளைப் போட்டு ஒப்பிடுவதும் இதைப் போன்றதே. குறைந்த புள்ளி எடுத்த மருமகளும் அதே குழுவில் இருக்கிறா.

குடும்ப வைத்தியரிடம் கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை சொல்வதைப் பெற்றோருக்குச் சொல்வீர்களா?
பிள்ளையுடன் சிறிது நேரம் தனியாகக் கதைக்க இடம் கொடுங்கள். பிள்ளை சொல்வது இரகசியமாகவே இருக்கும். உயிருக்கு ஆபத்து, துன்புறுத்தல் போன்ற நிலைகளில் மட்டுமே வெளியே சொல்ல வேண்டிய கடமை எமக்கு உண்டு. ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்கக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று சட்டத்தில் இல்லை. விளங்கி முடிவெடுக்கும் ஆற்றலே அளவுகோல்.

யார் மொழிபெயர்ப்பது?
பிள்ளையின் மனநோய் பற்றிக் கதைக்கும்போது அதே பிள்ளையையோ அதன் தம்பி தங்கச்சியையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

செலவாகுமா?
குடும்ப வைத்தியரையும் அவர் அனுப்பும் மனநல மருத்துவரையும் பார்க்க ஓகிப் அட்டை போதும். தனியார் உளவியலாளருக்குப் பொதுவாகப் பணம் கட்ட வேண்டும். வேலையிடக் காப்புறுதியில் அது அடங்குகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கான இலவச உளவளத்துணை நிலையங்களும் பாடசாலைச் சமூகப் பணியாளர்களும் உண்டு. 25 வயதுக்குட்பட்டு, தனியார் காப்புறுதி இல்லாதவர்களுக்குப் பட்டியலிலுள்ள மருந்துகளை மாகாணமே இலவசமாக வழங்குகிறது.

மருந்து எடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவார்களா?
இலேசான மனச்சோர்வுக்கு முதலில் பேச்சுவழிச் சிகிச்சையே தரப்படும். தேவைப்பட்டால் தரப்படும் மனச்சோர்வு மருந்துகள் போதைப்பொருள் போல அடிமையாக்குபவை அல்ல. பலன் தெரியப் பொதுவாக 4 முதல் 6 கிழமைகள் செல்லும். தொடங்கிய முதற் கிழமைகளில் இளவயதினரை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது.

பதிவில் ஏறினால் பிள்ளையின் எதிர்காலம் கெடுமா?
மருத்துவப் பதிவைப் பல்கலைக்கழகமோ வேலை கொடுப்பவரோ உங்கள் சம்மதமின்றிப் பார்க்க முடியாது. சிகிச்சையின்றி விடப்படும் மனச்சோர்வே படிப்பையும் எதிர்காலத்தையும் கெடுக்கும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்க வேண்டிய இலக்கங்கள்

- உடனடி உயிராபத்து: 911, அல்லது அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு
- தற்கொலை எண்ணத்துக்கான தேசிய உதவித் தொலைபேசி: 988. 2023 நவம்பர் 30 முதல் இயங்குகிறது. நாள் முழுவதும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆங்கிலம், பிரெஞ்சு மொழிகளில் கிடைக்கும்.
- கிட்ஸ் ஹெல்ப் போன்: 1-800-668-6868. கதைக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் 686868க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.
- தாதியிடம் ஆலோசனை பெற: 811
- சமூக சேவைகளை அறிய, மொழிபெயர்ப்பு உதவியுடன்: 211

இந்த இலக்கங்களைப் பிள்ளையின் தொலைபேசியிலும் பதிந்து விடுங்கள். அத்துடன் பெற்றோருக்குச் சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்லக்கூடிய ஒரு பெரியவரின் பெயரையும் இந்தக் கிழமையே பிள்ளையோடு சேர்ந்து தெரிவு செய்யுங்கள். சித்தியோ, மாமாவோ, ஓர் ஆசிரியரோ, குடும்ப வைத்தியரோ யாராக இருந்தாலும் சரி. அந்த ஆளிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நள்ளிரவிலும் அழைப்பு வரலாம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.